கூடை தைக்கும் கைகளும் கடற்கரைப் புல்லும்

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட வாசகசாலைக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு புல் கூடை. கூட்டம் போட்டுப் பேசும்படி ஒரு கூடையில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. அடிமைச் சந்தையும், நெல் வயலும், கைக்கு வந்து பறிபோன நிலமும், இன்றைய வீட்டுமனை வியாபாரமும் அந்தக் கூடையின் கதையிலே வருகின்றன. பொறுமையாகக் கேட்க வேண்டுகிறோம்.

அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் தென் கரோலினா என்று ஒரு மாகாணம் உண்டு. அதன் பெரிய துறைமுகம் சார்ல்ஸ்டன். அந்தக் கரை நெடுகிலும் சதுப்பு நிலமும் தீவுகளுமாக இருக்கும். அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் கறுப்பின மக்களுக்குக் குல்லா மக்கள் என்று பெயர். நாம் தலையில் வைக்கும் குல்லாவுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் கிடையாது. தெற்கே ஜார்ஜியா மாகாணத்துக் கரையில் உள்ளவர்களைக் கீச்சி மக்கள் என்பார்கள். ஆங்கிலச் சொற்களும் ஆப்பிரிக்க மொழிகளின் சாயலும் கலந்த தனிப் பேச்சு இவர்களுடையது. இவர்கள் செய்துவரும் கூடைக்கு ஏறக்குறைய 300 ஆண்டுச் சரித்திரம் இருக்கிறது.

நெல் தெரிந்த கைகள்

இந்த மக்களின் முன்னோர் பிழைப்புத் தேடித் தாமாகக் கப்பலேறியவர்கள் அல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டவர்கள். வட அமெரிக்காவுக்குக் கடத்தப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளில் பெரும் பங்கினர் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில்தான் இறக்கப்பட்டார்கள்.

17ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தச் சதுப்பு நிலத்தில் நெல் விளையும் என்று தெரிந்தது. இங்கிலாந்திலிருந்தும் பார்படோஸ் தீவிலிருந்தும் வந்து பண்ணை போட்ட வெள்ளை எஜமானர்களுக்கு நெல் விவசாயம் பழக்கமில்லாத காரியம். ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் முதல் சியரா லியோன் வரையுள்ள கரை மக்களுக்கு நெல் பரம்பரைப் பயிர். ஆப்பிரிக்க நெல் என்று தனி இனமே உண்டு. நைஜர் நதிப் பிரதேசத்து மக்கள் அதைப் பழக்கிப் பயிராக்கியவர்கள். 18ஆம் நூற்றாண்டில் சார்ல்ஸ்டன் பத்திரிகைகளில் அடிமை வியாபாரிகள் விளம்பரம் கொடுத்தபோது, "நெற்கரையிலிருந்து வந்தவர்கள்" என்று குறிப்பிட்டு விற்றார்கள். மாட்டுச் சந்தையில் "உழவு பழகிய மாடு" என்று சொல்லி விற்பார்களே, அதே மாதிரி! எஜமான் விலை கொடுத்து வாங்கியது மனிதனின் உடம்பை மட்டுமல்ல, அவன் கையில் இருந்த தொழிலறிவையும் சேர்த்துத்தான்.

1708ஆம் ஆண்டை ஒட்டியே தென் கரோலினாவில் வெள்ளையரைவிடக் கறுப்பு மக்களின் தொகை அதிகமாகிவிட்டது. அவர்கள் சைப்ரஸ் மரக் காடுகளை வெட்டினார்கள். முழங்கால் சேற்றில் நின்று கரை போட்டார்கள். கடல் ஏற்றத்தின்போது ஆற்று நீர் உயர்ந்து வருவதைக் கணக்கிட்டு, மதகு வைத்து வயலுக்குப் பாய்ச்சினார்கள். மலேரியாக் காய்ச்சலில் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் கால் ஏக்கர் என்று வேலையை அளந்துவிடுவது பல பண்ணைகளில் வழக்கம். அறுத்த நெல்லை உரலில் போட்டு உலக்கையால் குத்தினார்கள். குத்தியதைப் புடைக்க வேண்டுமல்லவா? அங்கேதான் கூடை வருகிறது.

நம் தாய்மார்கள் முறத்தில் புடைப்பதைப் போல, அவர்கள் வட்டமான, அகன்ற, ஆழமில்லாத தட்டுக் கூடையில் குத்திய நெல்லை அள்ளிக் காற்றில் எறிந்து ஏந்துவார்கள். உமி பறக்கும், அரிசி கூடையில் விழும். நெல் குத்துமிடத்தில் அந்தக் கூடை இல்லாமல் வேலை நடக்காது. சதுப்பில் விளையும் கோரை போன்ற முரட்டுத் தாளை எடுத்து ஆண்கள்தான் பெரும்பாலும் இந்த வேலைக் கூடைகளைச் செய்தார்கள். சுருளாகச் சுற்றித் தைக்கும் இதே முறையைச் செனகலிலும் சியரா லியோனிலும் இன்றும் காணலாம்.

கரோலினாவின் நெல் செல்வம் வெள்ளை எஜமானனின் புத்தியால் வந்தது என்றுதான் நெடுங்காலம் சரித்திரம் எழுதினார்கள். பீட்டர் வுட் என்ற சரித்திர ஆசிரியர் 1974இல் வெளியிட்ட நூலில், நெல் தெரிந்தவர்கள் யார், தெரியாதவர்கள் யார் என்று கேள்வி எழுப்பினார். அதன் பிறகுதான் ஆராய்ச்சியாளர்களின் கண் இந்தப் பக்கம் திரும்பியது. ஆனால் கூடையோ, அந்தச் சாட்சியத்தை 300 ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது!

எழுத்துக்குத் தடை, கூடைக்குத் தடையில்லை

1739 செப்டம்பர் 9ஆம் தேதி, சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். ஏறக்குறைய இருபது பேர் ஆயுதங்களைக் கைப்பற்றிக்கொண்டு, பறையடித்தபடி தெற்கே நடந்தார்கள். வழியில் பலர் சேர்ந்தார்கள். ஸ்பானியர் ஆட்சியிலிருந்த புளோரிடாவை அடைந்தால் விடுதலை என்பது அவர்கள் நம்பிக்கை. பண்ணையார்களின் படை துரத்தி வந்து அந்த எழுச்சியை ரத்தத்தில் மூழ்கடித்தது.

அடுத்த ஆண்டே, 1740இல், புதிய அடிமைச் சட்டம் வந்தது. அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பது குற்றம். அடிமை பறை வைத்திருப்பதும் கொம்பு ஊதுவதும் குற்றம். எழுத்தும் பறையும் சேதி சொல்லும், ஆட்களைச் சேர்க்கும். பண்ணையார்கள் அஞ்சியது அதற்குத்தான்.

கூடை செய்வதை மட்டும் அவர்கள் தடுக்கவில்லை. தடுத்தால் அரிசி புடைப்பது எப்படி? வயது முதிர்ந்து வயல் வேலைக்கு ஆகாதவர்களைக்கூட உட்கார வைத்துக் கூடை செய்ய வைத்தார்கள். அந்தக் கிழவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். எழுத்தைப் பறித்துக்கொண்ட எஜமானனால் இந்தப் படிப்பைப் பறிக்க முடியவில்லை.

தைக்கும் விதம்

இந்தக் கூடையைச் செய்யும் விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஆலையில் நூலோடு வேலை செய்யும் தோழர்களுக்கு இதில் அக்கறை இருக்கும்.

குல்லா மக்கள் "கூடை முடைகிறோம்" என்று சொல்வதில்லை. "தைக்கிறோம்" என்றுதான் சொல்வார்கள். அதுதான் சரியும்கூட. நம் பக்கத்து ஓலைக் கூடையிலும் மூங்கில் கூடையிலும் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னுவோம். இங்கே பாவும் ஊடையும் கிடையாது. புல் தாள்களை ஒரு கொத்தாகச் சேர்த்து, கயிறுபோலச் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றையும் அதற்கு முந்திய சுற்றோடு சேர்த்துத் தைத்துக்கொண்டே போகவேண்டும்.

முக்கியமான புல்லுக்கு ஸ்வீட்கிராஸ் என்று பெயர். கடற்கரை மணல் மேட்டுக்குப் பின்புறமும், சதுப்புக்கும் காட்டுக்கும் நடுவிலுள்ள மணற்பாங்கான நிலத்திலும் தூர் தூராக விளையும். காய்ந்த பிறகு அதற்கு ஓர் இனிய வைக்கோல் மணம் உண்டு. பெயர் வந்தது அதனால்தான். கோடையில் போய் எடுப்பார்கள். அரிவாள் போடுவதில்லை. தூரைக் காலால் மிதித்துக்கொண்டு தாளை மட்டும் கையால் உருவி எடுப்பார்கள். வேர் மண்ணிலேயே நிற்கும். அடுத்த ஆண்டும் தழைக்கும். பிறகு வெயிலில் காயவைத்து எடுத்துக்கொள்வார்கள்.

கூடவே சதுப்புக் கோரை உண்டு. அது கூடைக்கு உறுதி. பைன் மரத்தின் நீண்ட ஊசி இலை உண்டு. காய்ந்தால் செம்பழுப்பு நிறமாகி, பச்சைச் சாயலுள்ள புல்லுக்கு நடுவே வரிவரியாக அழகு கொடுக்கும். தைப்பதற்கு நூல் என்ன தெரியுமா? பால்மெட்டோ என்று நம் பனைக்கு உறவான ஒரு மரம். அதன் குருத்தோலையை மெல்லிய நாராகக் கிழித்துக்கொள்வார்கள்.

கருவி ஒன்றே ஒன்றுதான். அதற்கு "எலும்பு" என்று பெயர். முற்காலத்தில் மிருகத்தின் விலா எலும்பைத் தீட்டிச் செய்தார்கள். இப்போது ஒரு பழைய கரண்டியின் அகப்பையை அறுத்து எறிந்துவிட்டு, காம்பை அராவித் தேய்த்துக் கொள்கிறார்கள். அதனால் சுருளில் ஓட்டை போட்டு, ஓலை நாரை நுழைத்து இழுத்து இறுக்க வேண்டும். முதலில் கொத்தை முடிச்சுப் போட்டு நடுப்பகுதி எடுப்பார்கள். பிறகு அதைச் சுற்றிச் சுற்று ஏறும். தாள் தீரத் தீரப் புதுத் தாளைச் செருகிக்கொண்டே இருக்கவேண்டும். சுருளின் பருமன் ஒரே சீராக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் கூடை கோணிவிடும். அளவுகோலும் இல்லை, வரைபடமும் இல்லை. கண்ணும் விரலும்தான் அளவு. சின்னக் கூடைக்கே நாட்கணக்காகும்; பெரிய கூடைக்கு மாதக்கணக்காகும். இன்றுவரை இதற்கு எந்த யந்திரமும் கிடையாது.

நிலம் வந்தது, போனது

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861இல் தொடங்கியது. அந்த நவம்பர் மாதமே வடக்குக் கடற்படை போர்ட் ராயல் துறைமுகத்தைப் பிடித்ததும், அங்குள்ள தீவுகளின் பண்ணையார்கள் வீட்டையும் வயலையும் போட்டுவிட்டு ஓடினார்கள். அடிமைகள் ஓடவில்லை, நிலத்தில் நின்றார்கள். 1862இல் செயின்ட் ஹெலினா தீவில் அவர்களுக்காகப் பென் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. எழுத்து தடை செய்யப்பட்ட மக்கள் பலகையும் கையுமாக வந்து உட்கார்ந்தார்கள். பிற்காலத்தில் அந்தப் பள்ளியில் கூடைத் தொழிலும் ஒரு பாடமாக இருந்தது.

1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன் ஓர் உத்தரவு போட்டார். சார்ல்ஸ்டனிலிருந்து தெற்கே உள்ள தீவுகளும் கரையோர நெல் வயல்களும் விடுதலை பெற்ற மக்களுக்கே. குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை என்றது அந்த உத்தரவு. ஏறக்குறைய 40,000 பேர் நிலத்தில் குடியேறினார்கள். ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் அந்த நிலத்தில் பெரும்பகுதியைப் பழைய பண்ணையார்களுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். உழுதவனுக்கு ஒரு வெள்ளாமைகூட நிம்மதியாக இல்லை!

என்றாலும் அந்த மக்கள் சோர்ந்துவிடவில்லை. கூலி வேலை செய்து, காசு சேர்த்து, ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று பல குடும்பங்கள் நிலம் வாங்கின. 1893, 1911ஆம் ஆண்டுப் புயல்கள் அந்தக் கரையின் நெல் விவசாயத்தின் முதுகெலும்பை முறித்தன. பண்ணை நெல் மறைந்தது. ஆனால் கூடை மறையவில்லை. வயலுக்கு உதவிய முரட்டுக் கூடைக்குப் பதிலாக, பெண்கள் மென்மையான ஸ்வீட்கிராஸில் பூக்கூடை, ரொட்டித் தட்டு, மூடிபோட்ட கூடை என்று வீட்டுக்கு உதவும் பண்டங்களைத் தைத்தார்கள். சார்ல்ஸ்டனுக்கு எதிர்க்கரையில் உள்ள மவுண்ட் பிளசண்ட் என்ற ஊர் இந்தத் தொழிலுக்குத் தாயகமாயிற்று.

தரகரும் சாலையோரக் கடையும்

1916ஐ ஒட்டி, சார்ல்ஸ்டன் வியாபாரி ஒருவர் இந்தக் கூடைகளை மொத்தமாக வாங்கி நியூயார்க் வழியாக விற்கத் தொடங்கினார். வேலை வந்தது, உண்மைதான். ஆனால் என்ன கூடை, எத்தனை, என்ன விலை என்பதெல்லாம் வாங்குபவர் சொன்னபடி. தைத்தவளுக்கு வாங்கும் வீட்டின் வாசல் தெரியாது.

1929இல் கூப்பர் ஆற்றின் மேல் பாலம் திறந்தார்கள். 17ஆம் நம்பர் நெடுஞ்சாலையில் மோட்டார் கார்கள் ஓடத் தொடங்கின. மவுண்ட் பிளசண்ட் பெண்கள் யோசித்தார்கள். வாங்குபவன்தான் வீட்டு வாசல் வழியாகக் காரில் போகிறானே, நடுவில் தரகர் எதற்கு? 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் சாலையோரத்தில் நாற்காலி போட்டு அதன்மேல் கூடைகளை வைத்தார்கள். பிறகு நாலு மரக்கால் நட்டு, குறுக்குச் சட்டம் அடித்து, ஆணியில் தொங்கவிட்டார்கள். தைப்பதும் அங்கேயே, விற்பதும் அங்கேயே. தொழிலாளி தன் பண்டத்துக்குத் தானே விலை சொல்லும் உரிமையை அப்படிப் பெற்றாள். படிப்பு அதிகம் இல்லாத ஏழைப் பெண்கள் தாங்களாகவே கண்ட வழி இது.

வேலி

ஆனால் அதே பாலமும் சாலையும் வேறு ஒருவரையும் அழைத்து வந்தன. அவர்தான் மனை வியாபாரி.

1956இல் ஹில்டன் ஹெட் தீவுக்குப் பாலம் போட்டார்கள். பணக்காரர்களின் ஓய்வு மாளிகைகளும் கோல்ப் மைதானங்களும் வந்தன. 1970களில் கியாவா தீவிலும் அப்படியே. சுற்றி வேலி, வாசலில் காவலாளி, அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே போகமுடியாது. பாட்டனும் பாட்டியும் புல் உருவிய மணல் மேடு வேலிக்குள் போய்விட்டது. மவுண்ட் பிளசண்ட் 1970இல் பத்தாயிரம் ஜனத்தொகைகூட இல்லாத ஊர். 2020 கணக்கெடுப்பில் 90,000க்கு மேல். வீடுகள் வந்தன, அங்காடிகள் வந்தன, சாலையை அகலப்படுத்தினார்கள். கூடைக் கடைகள் இடம் மாறி ஒண்டிக்கொள்ள வேண்டியதாயிற்று.

புல்லுக்காக இப்போது கூடைக்காரர்கள் ஜார்ஜியாவுக்கும் புளோரிடாவுக்கும் காரில் நெடுந்தூரம் போகிறார்கள்; அல்லது எடுத்து வருபவரிடம் விலைக்கு வாங்குகிறார்கள். கடவுள் கொடுத்த புல் என்று சும்மா கிடைத்தது, இப்போது கைமுதல் போட்டு வாங்கும் சரக்காகிவிட்டது. கூடையின் விலையைக் கேட்டு மலைக்கிறவர்கள் இதையெல்லாம் கணக்கில் சேர்ப்பதில்லை. அது ஒரு நாள் வேலையா, ஒரு மாத வேலையா என்றும் கேட்பதில்லை.

ஏலம்

வேலியைவிடக் கொடிய ஆயுதம் ஒன்று உண்டு. அதைக் கவனமாகக் கேளுங்கள்.

விடுதலைக்குப் பின் நிலம் வாங்கிய முன்னோர் பலர் உயில் எழுதவில்லை. கச்சேரியையும் வக்கீலையும் நம்பும்படியாக அந்த மக்களை யார் நடத்தினார்கள்? ஆகவே நிலம் பிரிக்கப்படாமல் மக்கள், பேரர், கொள்ளுப்பேரர் எல்லோருக்கும் பொதுவாகவே வந்தது. நிலத்தில் குடியிருப்பவர் நாலு பேர் என்றால், நியூயார்க்கிலும் சிகாகோவிலும் பாத்தியதை உள்ளவர்கள் நாற்பது பேர். மனை வியாபாரி என்ன செய்வான்? தூரத்தில் இருக்கும், நிலத்தைப் பார்த்தே இராத ஒரு பங்காளியைத் தேடிப் பிடிப்பான். அற்பத் தொகை கொடுத்து அந்தப் பங்கை வாங்குவான். வாங்கியவுடன் அவனும் ஒரு பாத்தியதைக்காரன். உடனே பாகப்பிரிவினை வழக்குப் போடுவான். இத்தனை பங்காகப் பிரிக்க முடியாது என்று கோர்ட் முழு நிலத்தையும் ஏலத்துக்கு விடும். ஏலத்தில் எடுப்பவன் யார்? பணம் உள்ளவன்தான்! எல்லாம் சட்டப்படியே நடந்தது. மாளிகைகள் வந்ததால் ஏறிய நிலவரியைக் கட்டமுடியாமல் இழந்தவர்களும் உண்டு.

கூடைக்காரிக்கு நிலம் போனால் வீடு மட்டுமா போகிறது? பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் பேத்தியும் ஊரைவிட்டுப் போகிறாள். 300 ஆண்டுப் பள்ளிக்கூடம் அங்கே மூடப்படுகிறது.

பாராட்டும் உரிமையும்

இன்று இந்தக் கூடைகளுக்குப் பெருமை குறையில்லை. 2006இல் தென் கரோலினா அரசாங்கம் ஸ்வீட்கிராஸ் கூடையை மாகாணத்தின் கைத்தொழிலாகப் பிரகடனம் செய்தது. அதே ஆண்டு குல்லா–கீச்சி மக்களின் கடற்கரையைப் பாரம்பரியப் பிரதேசமாக அமெரிக்கக் காங்கிரஸ் அங்கீகரித்தது. 2008இல் மேரி ஜாக்சன் என்ற கூடைக் கலைஞருக்கு மேக்ஆர்தர் நிதியத்தின் பெரிய விருது கிடைத்தது. பொருட்காட்சிச் சாலைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் இவர்கள் கூடைகள் இருக்கின்றன.

இவற்றை நாம் குறைத்துப் பேசவில்லை. அடிமையின் பண்டம் என்று இகழப்பட்டது, கலை என்று மதிக்கப்படுவது நியாயமே. ஆனால் கூடைக்குக் கண்ணாடிப் பெட்டியும் புல்லுக்கு முள்வேலியும் என்றால், அந்த மதிப்பு எத்தனை நாளைக்கு? புல் இல்லாமல் விருது கூடை தைக்குமா?

இதை அந்த மக்களே நன்றாக உணர்ந்திருக்கிறார்கள். 1988இல் மவுண்ட் பிளசண்டில் கூடைக்காரர்கள் கூடிப் பேசினார்கள். தங்களுக்கென்று சங்கம் கண்டார்கள். புல் எடுக்கும் இடங்களுக்கு அனுமதி கேட்டார்கள். சில இடங்களில் புல்லை நட்டு வளர்க்கும் முயற்சியும் நடந்தது. பொதுவில் கிடக்கும் நிலத்தைக் காப்பாற்ற 2005இல் சார்ல்ஸ்டனில் சட்ட உதவி நிலையம் ஒன்று ஏற்பட்டது.

2016இல் தென் கரோலினா சட்டசபை பாகப்பிரிவினைச் சட்டத்தைத் திருத்தியது. இனி எவனாவது பங்கை வாங்கி வழக்குப் போட்டால், கோர்ட் முதலில் நிலத்தின் நியாயமான விலையை மதிப்பிட வேண்டும். விற்பனை கோரும் பங்கைக் குடும்பத்தார் வாங்கிக்கொள்ள முதல் வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அவசர ஏலத்தில் அடிமாட்டு விலைக்குத் தள்ள முடியாது. அந்தச் சட்டத்துக்குக் கிளெமென்டா பிங்க்னியின் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் சட்டசபை உறுப்பினர், பாதிரியார். 2015 ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டனில் அவருடைய மாதா கோவிலுக்குள் நுழைந்த வெள்ளை நிறவெறியன் ஒருவன் அவரையும் இன்னும் எட்டுப் பேரையும் சுட்டுக் கொன்றான். அவர் பாடுபட்ட காரியம் அவருக்குப் பின் சட்டமாயிற்று.

செயின்ட் ஹெலினா தீவிலோ, வேலி போட்ட குடியிருப்பும் கோல்ப் மைதானமும் கூடாது என்று 1999லேயே உள்ளூர் விதி செய்தார்கள். 2023இல் ஒரு மனை வியாபாரி அந்த விதியிலிருந்து தன் நிலத்துக்கு விலக்குக் கேட்டான். தீவு மக்கள் திரண்டு கவுன்சில் கூட்டத்துக்கு வந்தார்கள். கிழவிகள் வந்தார்கள், மீனவர்கள் வந்தார்கள். கவுன்சில் விலக்குக் கொடுக்க மறுத்தது.

தோழர்களே! உழைப்பாளியின் கையில் உள்ள தொழிலறிவை யாரும் தானமாகக் கொடுக்கவில்லை. கப்பலின் அடித்தட்டில் விலங்கோடு கிடந்தபோதும் அது அவனோடு வந்தது. சாட்டைக்கு அது சாகவில்லை, சட்டத்துக்கும் சாகவில்லை, புயலுக்கும் சாகவில்லை. ஆனால் கைக்குப் புல் வேண்டும். புல்லுக்கு மண் வேண்டும். மண்ணின் மேல் உழைப்பவனுக்கு உரிமை வேண்டும். கைத்தொழிலைக் காப்பாற்றுகிறோம் என்று யார் எந்த மேடையில் சொன்னாலும், "மூலப்பொருள் எங்கே? நிலம் யார் கையில்?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லாதவர்கள் கூடையைப் பாராட்டுகிறார்கள்; கூடைக்காரியைக் கைவிடுகிறார்கள்.

சார்ல்ஸ்டன் சாலையோரத்தில் கரண்டிக் காம்பைக் கையில் பிடித்து உட்கார்ந்திருக்கும் அந்தத் தாய்மார்கள் வெல்ல வேண்டும் என்று வாழ்த்தி முடித்துக்கொள்கிறோம்.